விளையாட்டின் பெயரால் கூலிக் கொள்ளை

(தென்காசியில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் சாரம்)



மேற்கே மலைமீது மேகம் இறங்கி நிற்கிறது. சாரல் பிடிப்பதற்குள் பேசி முடித்துவிட வேண்டும். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நாம் கூடும்போதெல்லாம் கூலியைப் பற்றிப் பேசுகிறோம். போனஸைப் பற்றிப் பேசுகிறோம். முதலாளி தர மறுப்பதை எப்படி வாங்குவது என்று யோசிக்கிறோம். இன்று நான் பேச வந்தது வேறு. வாங்கிய கூலி வீடு வந்து சேர்ந்த பிறகு, சுவரில் கன்னம் வைக்காமல், பூட்டை உடைக்காமல், அதை எடுத்துக்கொண்டு போகிறவர்களைப் பற்றியது.

சில நாட்களுக்கு முன் ஒரு தாய் என்னைத் தேடி வந்தார். பீடி சுற்றிப் பிழைப்பவர். "அண்ணாச்சி, பேங்க்காரன் எம் பணத்த வாராவாரம் எடுக்கான். என்னன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க" என்றார். பாஸ் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். வாரம் தவறாமல் 159 ரூபாய் கழிந்திருக்கிறது. 14 வாரம். மொத்தம் 2,226 ரூபாய்.

பாங்கிலே கேட்டோம். அங்கிருந்த ஊழியர் பொறுமையாகச் சொன்னார்: "அம்மா, நாங்கள் எடுக்கவில்லை. வாராவாரம் தானாகக் கட்டிவிடும்படி உங்கள் போனிலிருந்து உத்தரவு வந்திருக்கிறது."

உத்தரவு கொடுத்தது யார்? ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அவருடைய மகன். 2020இல் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களை மூடினார்களே, அப்போது பாடம் படிக்கவென்று கடன் வாங்கி வாங்கிய போன் அது. அந்தத் தாய்க்குப் போனில் பணம் அனுப்பத் தெரியாது. பையன்தான் அனுப்பிக் கொடுப்பான். ரகசிய எண்ணும் அவனுக்குத்தான் தெரியும். துப்பாக்கி விளையாட்டு ஒன்றில் வாரச் சந்தா சேர்ந்திருக்கிறான். "ஒரு தடவைதாம்மா அமுக்கினேன்" என்று அழுதான். அவன் சொன்னது பொய்யல்ல. அவன் ஒரு தடவைதான் அமுக்கினான். கம்பெனி 14 தடவை எடுத்தது.

2,226 ரூபாய்க்கு எத்தனை ஆயிரம் பீடி சுற்ற வேண்டும் என்பதை அந்தத் தாயின் விரல்களைக் கேட்டால் தெரியும்.

வாசலில் இனாம், உள்ளே வசூல்

நமது குற்றாலத்துக்கு நாடெங்குமிருந்து ஜனங்கள் வருகிறார்கள். பேரருவியில் தலையைக் கொடுத்து நிற்பதற்கு யாரும் காசு கேட்பதில்லை. கூலிக்காரனும் குளிக்கிறான், கோடீஸ்வரனும் குளிக்கிறான். மலை கொடுக்கிற தண்ணீர் உண்மையிலேயே இனாம்.

செல்போன் விளையாட்டும் "இனாம்" என்றுதான் நம்மை அழைக்கிறது. ஆனால் அதைச் செய்தவன் மலையல்ல, கம்பெனி. ஆயிரக்கணக்கான பொறியாளர்களுக்குச் சம்பளம் கொடுத்து, விளம்பரத்துக்குக் கோடி கோடியாய்ச் செலவழித்து, பிறகு இனாமாக விளையாடச் சொல்கிறான் என்றால் அவன் தர்மசத்திரமா நடத்துகிறான்? வாசலில் இனாம் என்று எழுதியவன் உள்ளே எப்படி வசூலிக்கிறான் என்று பார்ப்போம்.

முதலாவது, ரூபாயை அவன் ரூபாயாக வைப்பதில்லை. வைரம் என்பான், காசு என்பான், புள்ளி என்பான். ரூபாயைக் கொடுத்து வைரம் வாங்க வேண்டும். வைரத்தைக் கொடுத்துச் சட்டையும் துப்பாக்கியும் வாங்க வேண்டும். நூறு ரூபாய் நோட்டை எடுத்துக் கொடுக்கும்போது கை தயங்கும். நூறு வைரத்தைக் கொடுக்கும்போது தயங்காது. அந்தக் காலத்துத் தோட்டங்களில் ரொக்கத்துக்குப் பதில் தகரச் சல்லியைக் கொடுத்து, தோட்டத்துக் கடையிலேயே செலவழிக்க வைத்தார்களே, அதே வித்தை. விலையும் பொருந்தி வராது. பொருளுக்கு 120 வைரம் வேண்டுமென்றால், விற்பது நூறும் முந்நூறுமாக இருக்கும். மீதி கையில் நிற்கும். மீதி நிற்பதால் அடுத்ததையும் வாங்குவான்.

இரண்டாவது, தினம் வர வேண்டும். இன்று வந்தால் சிறு பரிசு, நாளை வந்தால் பெரிய பரிசு. ஒரு நாள் தவறினால் பழையபடி முதலிலிருந்து. ஆலையில் வருகைப் பதிவு இருக்கிறது, ஆனால் அங்கே வந்தால் கூலி உண்டு. இங்கே வருகைப் பதிவும் உண்டு, கூலியும் நாமே கொடுக்க வேண்டும்!

மூன்றாவது, சீசன். குற்றாலத்துக்கு வருஷத்தில் ஒரு சீசன். விளையாட்டுக் கம்பெனிக்கு வருஷத்தில் எத்தனையோ சீசன். சீசன் முடிந்ததும் பையன் ராத்திரி ராத்திரியாக ஏறிய படியிலிருந்து அவனைக் கீழே இறக்கிவிடுவான். புது சீசனுக்குப் புது பாஸ், புதுப் பணம்.

நான்காவது, அதிர்ஷ்டப் பெட்டி. பணம் கொடுத்துப் பெட்டியைத் திறக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாது. நூறு தடவை திறந்தாலும் நினைத்தது வராமல் போகலாம். இது சூதாட்டம்தான் என்று 2018இலேயே பெல்ஜியம் நாடு தீர்ப்புச் சொல்லி, அதைத் தடுத்தது.

ஐந்தாவதுதான் அந்தத் தாயின் பாஸ் புத்தகத்தில் நாம் பார்த்தது. நிறுத்தச் சொல்லும்வரை தானாகப் பிடிக்கும் சந்தா. 15,000 ரூபாய்க்கு உட்பட்ட இத்தகைய சந்தாவுக்கு ஒவ்வொரு தவணையிலும் ரகசிய எண்ணோ வேறு சம்மதமோ கேட்க வேண்டியதில்லை என்று 2022 ஜூனில் ரிசர்வ் பாங்க் வரம்பை உயர்த்தியது. மின்சாரப் பில் கட்டுகிறவனுக்கு அது வசதி. பையன் கையில் போன் இருக்கிற வீட்டுக்கு அது ஓட்டை.

வசூலான பணம் எங்கே போகிறது? ஆப் விற்கும் கடைக்காரனுக்கு 15 முதல் 30 சதவிகிதம் வரை கமிஷன். மீதி விளையாட்டுக் கம்பெனிக்கு. அதன் தலைமையகம் சிங்கப்பூரிலோ தென் கொரியாவிலோ அமெரிக்காவிலோ இருக்கும். ஆலங்குளத்திலும் சுரண்டையிலும் களை பிடுங்கிய கூலி ஒரே ராத்திரியில் கடல் தாண்டிவிடுகிறது.

வேலை நாளில் கணக்கிடுவோம்

"வாரம் நூற்றைம்பது ரூபாய்தானே, டீக்காசு" என்று சிலர் சொல்வார்கள். அந்த டீக்காசைக் கணக்குப் பார்ப்போம்.

வாரம் 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 52 வாரத்துக்கு 7,800 ரூபாய். அடுத்தது போன் ரீசார்ஜ். மாதம் என்று நாம் நினைக்கிறோம். கம்பெனியின் மாதத்துக்கு 28 நாள்தான். ஆகவே வருஷத்துக்கு 12 தடவையல்ல, 13 தடவை கட்டுகிறோம். ஒரு தடவைக்கு 300 ரூபாய் என்றால் 3,900 ரூபாய். போன் மற்ற காரியங்களுக்கும் உதவுகிறது, நியாயம்தான். பாதியைத் தள்ளிவிடுவோம். 1,950 ரூபாய். ஆக மொத்தம் 9,750 ரூபாய்.

தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26ஆம் ஆண்டுக்கு அறிவித்த நாள் கூலி 336 ரூபாய். பல இடங்களில் அதையும் முழுசாகத் தரவில்லை என்பது வேறு விஷயம். முழுசாகக் கிடைத்ததாகவே வைத்துக்கொண்டாலும், 9,750 ரூபாய்க்கு 29 நாள் மண் வெட்ட வேண்டும்.

கதை அதோடு முடிகிறதா? பழைய போனில் விளையாட்டு திக்குகிறது. பெரிய போன் வேண்டும் என்று பையன் மூன்று நாள் சாப்பிடாமல் இருக்கிறான். தவணையில் 15,000 ரூபாய்க்கு வாங்கிக் கொடுக்கிறோம். இப்போது மொத்தம் 24,750 ரூபாய். முதல் வருஷத்துக்கு 74 நாள் கூலி! நூறு நாள் வேலையில் 74 நாள், வெயிலில் நின்று வெட்டிய மண் அத்தனையும், திரையில் ஒரு பொம்மைக்குச் சட்டை போடப் போயிற்று.

பணக்காரன் வீட்டுப் பிள்ளைக்கும் விலை அதேதான். ஆனால் அவன் வீட்டில் அது டீக்காசு. நம் வீட்டில் அது பள்ளிக்கூடச் செலவு, மருந்துச் செலவு, குழுக் கடன் தவணை. ஆகவே கம்பெனிக்காரன் ரூபாயில் சொல்லும் விலையை நாம் வேலை நாளாக மாற்றிப் பார்க்கப் பழக வேண்டும்.

சட்டைப் பையில் மூன்று சீட்டு

இதுவரை சொன்னது வாசற்படி. இனி உள்ளே இருக்கும் கிணற்றைச் சொல்கிறேன்.

திருவிழாக் கூட்டத்திலும் சீசன் கூட்டத்திலும் மூன்று சீட்டுக்காரனைப் பார்த்திருக்கிறோம். துணியை விரிப்பான். கூட்டாளி ஒருவன் ஜெயிப்பதுபோல் நடிப்பான். போலீஸ் விசில் கேட்டால் துணியைச் சுருட்டிக்கொண்டு ஓடுவான். லாட்டரிச் சீட்டையும் பார்த்தோம். தமிழ்நாட்டில் 2003இல் அதைத் தடை செய்தார்கள். அதன் பிறகும் செங்கோட்டை தாண்டி, ஆரியங்காவுப் பக்கம் போய்க் கேரளச் சீட்டு வாங்கியவர்கள் உண்டு. ஆனாலும் அதற்குப் பஸ் ஏற வேண்டும், கடை திறந்திருக்க வேண்டும்.

ஆன்லைன் ரம்மி வந்தபோது பஸ்ஸும் வேண்டாம், கடையும் வேண்டாம் என்றாகிவிட்டது. மூன்று சீட்டுக்காரன் சட்டைப் பைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டான்.

அதிலே கம்பெனி தோற்பதில்லை. அது எப்படி? ஆறு பேர் ஆளுக்கு 1,000 ரூபாயோடு உட்காருகிறார்கள். மொத்தம் 6,000 ரூபாய். ஓர் ஆட்டத்துக்கு ஆளுக்கு 100 ரூபாய் கட்ட வேண்டும். 600 ரூபாயில் கம்பெனி நூற்றுக்குப் பத்து எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 60 ரூபாய் போக மீதி 540தான் ஜெயித்தவனுக்கு. அடுத்த ஆட்டத்திலும் 60, அதற்கடுத்த ஆட்டத்திலும் 60. இப்படியே 100 ஆட்டம் நடந்தால் 6,000 ரூபாயும் கம்பெனி பெட்டிக்குள் போய்விடும். ஆறு பேரில் யார் கெட்டிக்காரன் என்ற கேள்வியே மிச்சமிருக்காது. தொழிலாளி தொழிலாளியிடம் தோற்றுக்கொண்டிருக்க, இருவரிடமும் ஜெயித்தவன் மேஜையிலேயே உட்காரவில்லை.

தோழர்களே, இது எங்கோ பட்டணத்தில் நடந்த விஷயமல்ல. 2022 நவம்பர் கடைசியில், நமது தென்காசி மாவட்டத்திலேயே, வெளி ராஜ்யத்திலிருந்து பிழைப்புக்காக நூற்பாலை வேலைக்கு வந்த ஓர் இளம் பெண், ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்து உயிரை மாய்த்துக்கொண்டார் என்று செய்தி வந்தது. இழந்தது 70,000 ரூபாய் என்று சொன்னார்கள். 336 ரூபாய் கூலிக்கு அது 208 நாள் உழைப்பு. தாய்மொழி பேசுவதற்குக்கூட அதிகம் பேர் இல்லாத ஊரில், ஷிப்டு முடிந்து அறைக்குத் திரும்பினால் பேச்சுத் துணை போன்தான். அந்தப் போனுக்குள் இருந்துகொண்டு ஒருவன் "இன்னும் ஓர் ஆட்டம்" என்று அழைத்தான். அந்தச் சகோதரி நம்மில் ஒருவர். பக்கத்துச் சட்டத்தில் நின்று இழை ஓட்டியவர். நாம் யாராவது முன்கூட்டியே "என்னம்மா கஷ்டம்?" என்று கேட்டிருந்தால் என்ற நினைப்பு இன்றும் என்னை உறுத்துகிறது.

சட்டம் எதைத் தடுத்தது, எதை விட்டது

சட்டம் என்ன செய்தது என்று கேட்பீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன்.

2020 நவம்பரில் தமிழ்நாட்டில் அவசரச் சட்டம் கொண்டுவந்தார்கள். 2021இல் அது முழுச் சட்டமாயிற்று. கம்பெனிகள் ஹைகோர்ட்டுக்குப் போயின. 2021 ஆகஸ்டில் சட்டம் ரத்தாயிற்று. 2022 ஜூனில் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைத்து, அக்டோபரில் மறுபடி அவசரச் சட்டம். அதே மாதம் சட்டசபையில் மசோதா நிறைவேறியது. அது கவர்னர் மாளிகையில் கிடந்தது. அது கிடக்கும்போதே அவசரச் சட்டம் காலாவதியாயிற்று. நான் சொன்ன அந்தச் சாவும் அந்த நாட்களில்தான். 2023 மார்ச்சில் கவர்னர் மசோதாவைத் திருப்பியனுப்ப, சட்டசபை அதை மறுபடி நிறைவேற்ற, ஏப்ரல் 10இல்தான் ஒப்புதல் கிடைத்தது. நவம்பரில் ஹைகோர்ட் சட்டம் செல்லும் என்றது, ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு, அவற்றுக்குத் தடை செல்லாது என்றது.

2025 பிப்ரவரியில் விதிகள் வந்தன. பண ஆட்டத்தில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரைச் சேர்க்கக் கூடாது. ஆதாரைச் சரிபார்க்க வேண்டும். இரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆட்டம் கூடாது. இதையும் எதிர்த்துக் கம்பெனிகள் வழக்குப் போட்டன. தூங்கும் நேரத்தில் சீட்டாடுவது அடிப்படை உரிமையாம்! 2025 ஜூன் 3இல் ஹைகோர்ட் விதிகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

பிறகு பார்லிமெண்டில் சட்டம் வந்தது. 2025 ஆகஸ்ட் 22இல் ஜனாதிபதி ஒப்புதல் கொடுத்தார். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதையும் நடத்தக் கூடாது. நடத்தினால் 3 வருஷம் வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடியவனுக்குத் தண்டனையில்லை, நடத்துகிறவனுக்குத்தான். அது சரியான முறை. இந்த ஆட்டங்களால் ஜனங்கள் வருஷத்துக்கு 20,000 கோடி ரூபாய்க்கு மேல் இழக்கிறார்கள் என்று மத்திய சர்க்காரே சொல்லிற்று. பெரிய கம்பெனிகள் பண ஆட்டத்தை நிறுத்துவதாக அறிவித்தன.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அதே சட்டம், பந்தயம் இல்லாத விளையாட்டுக்குச் சந்தா வாங்கலாம் என்று அனுமதிக்கிறது. ஆகவே பீடித் தொழிலாளியின் கணக்கிலிருந்து வாராவாரம் போகும் 159 ரூபாய்க்கு இந்தச் சட்டத்தில் தடையில்லை. முன்னே துப்பாக்கி விளையாட்டுகளைச் சர்க்கார் தடுத்ததே என்பீர்கள். ஆம், 2020 செப்டம்பரில் பப்ஜியையும், 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரையும் தடுத்தார்கள். சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பு. நம் வீட்டுக் கூலியின் பாதுகாப்பு அல்ல. பப்ஜி 2021இல் வேறு பெயரில் திரும்பி வந்தது.

பணம் போனது பாதிதான்

பணம் போனதைப் பாஸ் புத்தகம் காட்டும். காட்டாத நஷ்டமும் இருக்கிறது.

மூன்றாம் ஷிப்டுக்கு வருகிற வாலிபன் பகலெல்லாம் விளையாடிவிட்டு வருகிறான். கண் எரிகிறது. ஓடுகிற எந்திரத்தில் பஞ்சு சுற்றினால் எடுக்கக் கை நீட்டுகிறான். கண் ஒரு நொடி மூடினால் விரல் என்னாகும் என்று ஆலையில் வேலை செய்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிறகு முதலாளி "தொழிலாளியின் அஜாக்கிரதை" என்று எழுதி நஷ்டஈட்டைக் குறைக்கப் பார்ப்பான்.

விடியற்காலையில் நாற்றுப் பறிக்கப் போகும் தாய், விளக்கை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் ஒளிரும் திரையைப் பார்க்கிறாள். பேசினால் மகன் சீறுகிறான். புருஷன் சம்பளத்தைக் குறைத்துச் சொல்கிறான். காதில் கிடந்த கம்மல் அடகுக்குப் போகிறது. கந்துவட்டிக்காரன் வாசலுக்கு வருகிறான். கடன் ஆப்பில் வாங்கினாலோ, தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டு மானத்தை வாங்குகிறான். வீட்டிலே ஒருவருக்கொருவர் நம்பிக்கை போய்விடுகிறது. அதற்குத் தவணை கட்டி மீட்க முடியாது.

இது வெறும் கெட்ட பழக்கம் என்று ஒதுக்க வேண்டாம். கட்டுப்படுத்த முடியாமல், மற்றெல்லா வேலையையும் தள்ளிவிட்டு, கெடுதல் தெரிந்தும் விடாமல் ஏறக்குறைய ஒரு வருஷம் விளையாடிக்கொண்டிருப்பதை உலக சுகாதார ஸ்தாபனம் நோயாகவே பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்தப் பட்டியல் 2022 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. நோய் என்றால் வைத்தியம் வேண்டும். விளக்குமாற்று அடியால் அது தீராது.

பழி யார் மீது?

வாலிபர்களைத் திட்டுவது சுலபம். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஊரில் பந்தாட ஓர் இடம் மிச்சமிருக்கிறதா? மந்தை நிலம் மனைக்கட்டு ஆகிவிட்டது. படிப்பகம் பூட்டிக் கிடக்கிறது. படித்தவனுக்கு வேலையில்லை. வேலை கிடைத்தவனுக்குப் பன்னிரண்டு மணி நேரம். நாள் முழுவதும் மேஸ்திரியிடம் ஏச்சு வாங்குகிறவனை, விளையாட்டிலே "வீரனே வா" என்று வரவேற்கிறார்கள். உலகம் தராத மரியாதையை விளையாட்டு வாடகைக்குத் தருகிறது. வாடகைதான் வாரச் சந்தா.

நான் விளையாட்டுக்கு விரோதியல்ல. உழைக்கிறவனுக்கு விளையாட்டு வேண்டும். சடுகுடு வேண்டும், சிலம்பம் வேண்டும், பந்து வேண்டும். பொழுது போக நாலு நிமிஷம் போனில் விளையாடினாலும் குடி முழுகிவிடாது. ஆனால் விளையாட்டு என்றால் முடிவு இருக்க வேண்டும். சூரியன் இறங்கினால் சடுகுடு முடியும். முடிவே இல்லாமல், முடிக்க நினைத்தால் நஷ்டம் வரும்படி ஒன்றைத் திட்டமிட்டுச் செய்கிறவன் நம் ஓய்வு நேரத்தையும் சுரண்டுகிறான்.

திட்டமிட்டுச் செய்கிறார்களா என்று சந்தேகம் வேண்டாம். அமெரிக்காவில் ஃபோர்ட்நைட் என்ற விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் கம்பெனி, ஆட்கள் அறியாமல் பணம் இழக்கும்படி பொத்தான்களை அமைத்தது என்ற குற்றச்சாட்டில், 24.5 கோடி டாலரைத் திருப்பிக் கொடுக்க 2022 டிசம்பரில் சம்மதித்தது. சீனாவில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டுமே ஆன்லைனில் விளையாடலாம் என்று 2021இல் உத்தரவிட்டார்கள். நம் நாட்டிலும் 2023 நவம்பர் 30இல் 13 வகை வஞ்சக முறைகளைத் தடை செய்து விதி வந்திருக்கிறது. அதிலே ஒன்றின் பெயரே "சந்தாப் பொறி". சேருவதைச் சுலபமாக்கி விலகுவதைக் கஷ்டமாக்குவது குற்றம் என்கிறது அந்த விதி. விதி காகிதத்தில் இருக்கிறது. அதை வாசலுக்குக் கொண்டுவருவது நம் வேலை.

இன்றிரவே செய்ய வேண்டியவை

முதலில் வீட்டிலே. ஆப்பை அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது! ஆப் வாங்கிய கடையின் பக்கத்திலே சந்தாக்கள் என்ற இடத்துக்குப் போய் ரத்து செய்ய வேண்டும். பணம் அனுப்பும் ஆப்பில் "ஆட்டோ பே" என்ற இடத்தில் என்னென்ன உத்தரவு நிற்கிறது என்று பார்த்து வேண்டாததை நீக்க வேண்டும். பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் பாங்க் விதி. அந்த மெஸேஜை விளம்பரம் என்று தள்ளாமல் படியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கூலி விழும் கணக்கின் ரகசிய எண்ணைப் பிள்ளைகள் அறியக் கூடாது. தாய்மார்களே, பணம் அனுப்ப நீங்களே கற்றுக்கொள்ளுங்கள். ஒரு சாயங்காலம் போதும். தெரிந்தவர்கள் கற்றுக் கொடுங்கள்.

இரண்டாவது, போன பணத்தைக் கேளுங்கள். 18 வயது நிரம்பாதவன் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் அது. ஆப் கடைக்கும் விளையாட்டுக் கம்பெனிக்கும் எழுதிக் கேளுங்கள். தராவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915. மோசடி நடந்திருந்தால் தாமதிக்காமல் 1930க்குச் சொல்லுங்கள்.

மூன்றாவது, மனம் உடைந்தவனைத் தனியே விடாதீர்கள். கடன் பட்டவன் வெட்கத்தால் ஒளிகிறான். "எவ்வளவு போச்சு?" என்பதை முதல் கேள்வியாக வைக்காமல், "சாப்பிட்டியால?" என்று கேளுங்கள். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும். ஆலை விடுதியில் தங்கியிருக்கும் வெளி ராஜ்யத்துப் பிள்ளைகளிடம் பாஷை தெரியாவிட்டாலும் போய்ப் பேசுங்கள்.

நான்காவது, கூடிக் கேட்க வேண்டியது. ஊருக்கு ஒரு விளையாட்டுத் திடல். மாலையில் திறந்திருக்கும் படிப்பகம். ஆலை விடுதியில் ஓய்வறை. எட்டு மணி நேர வேலை. பிள்ளைகளின் போனிலிருந்து தானாகச் சந்தா பிடிப்பதற்குச் சட்டப்படி தடை. அதிர்ஷ்டப் பெட்டிக்குத் தடை. இவற்றைக் கிராம சபையிலே தீர்மானமாகப் போடலாம்.

முடிப்பதற்குமுன் அந்தத் தாயின் விஷயம். சந்தாவை நிறுத்திவிட்டோம். பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதியிருக்கிறோம். இன்னும் வரவில்லை. விடப் போவதில்லை. அந்தப் பையன் இன்று இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறான். அவனைத் திரும்பிப் பார்க்காதீர்கள், கூச்சப்படுவான். நேற்று அவன் தன் தெருவில் ஏழு வீட்டுப் போன்களை வாங்கிப் பார்த்தானாம். மூன்று வீட்டில் யாருக்கும் தெரியாமல் சந்தா ஓடிக்கொண்டிருந்ததாம். மூன்றையும் அவனே நிறுத்திக் கொடுத்தான்.

அவன் செய்ததை நாம் தெருத் தெருவாகச் செய்வோம். சாரல் பிடித்துவிட்டது. வீட்டுக்குப் போனதும் முதல் காரியமாகப் போனை எடுத்துப் பாருங்கள், தோழர்களே! பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டுங்கள்!